பூ தின்ற ஏர்கோன்

லோஷினியின் இரண்டு விரல்கள் வேனின் ஏர்கோன் துவாரத்துக்குள் இருந்தன. நகத்தின் நுனியில் ஏதோ தட்டுப்பட்டது. நழுவியது. மறுபடி பிடித்தாள்.

"விரல எடு, லோஷினி. உள்ள ஃபேன் ஓடுது," என்றார் மெக்கானிக் தனேஸ்வரன்.

"இருங்கண்ணே, வருது."

வந்தது. காய்ந்து சுருண்ட ஒரு மஞ்சள் இதழ்.

லோஷினிக்கு வயது பதினொன்று. அப்பா ஜெயபாலன் ஓட்டும் பழைய பள்ளி வேன் திங்கட்கிழமைக்குள் குளிர்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அமல் திரும்பி வரமாட்டாள்.

ஒன்றாம் ஆண்டிலிருந்தே அமலுக்கு லோஷினியின் பக்கத்து இருக்கைதான். போன வாரம் அமலின் அம்மா மெஹர்பானு, லோஷினியின் அப்பாவிடம் வந்து, இனிமேல் பிள்ளை சரளா அக்காவின் புது வேனில் போகட்டும் என்று சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேறு வேண்டுமா? புது வேன் கேமரன் மலை மாதிரி குளிருமாம். அதில் போகிற பிள்ளைகள் சுவெட்டர் போட்டுக்கொண்டு பெருமையடித்தார்கள்.

ஒரு நாள் சிவப்பு விளக்கில் இரண்டு வேன்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. மூடிய கண்ணாடிக்குள் அமல் சிரித்துக்கொண்டிருந்தாள். புளிப்பு மிட்டாயைக் கடித்துப் பாதியை வேறொரு பெண்ணிடம் நீட்டினாள்.

அது லோஷினியின் பாதி.

அன்று மாலையே அவள் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். ஏர்கோனைச் சரிசெய்ய அவர் ஒப்புக்கொள்ளும்வரை விடவில்லை.

அப்படித்தான் வேன் புந்தோங்கில் இருக்கும் தனேஸ்வரனின் பட்டறைக்கு வந்தது. அவர் கேஸ் நிரப்பினார், பெல்ட் மாற்றினார். கம்ப்ரஸர் ஒழுங்காக ஓடியது. ஆனால் துவாரத்தில் வந்த காற்று, பூனைக்குட்டி மூச்சுவிடுவதுபோல் இருந்தது. ஃபேன் மோட்டார்தான் கெட்டிருக்கும், புதிதாக வரவழைக்க ஒரு வாரமாவது ஆகும் என்றார் அவர்.

லோஷினி அந்த இதழை முகர்ந்து பார்த்தாள். திருவிழாவுக்கு மறுநாள் கோயிலின் பின்பக்கம் வீசும் அழுகல் வாசனை.

"அண்ணே, குளிரு உண்டாகுறது கூலிங் காயில்லதானே? அதத் திறந்து பாக்கலாமா?"

அதற்கு டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும் என்று தனேஸ்வரன் முனகினார். பிறகு இதழை வாங்கிப் பார்த்தார். திருப்புளியை எடுத்தார்.

கூலிங் காயில் இருந்த பெட்டி வெளியே வந்ததும் பக்கத்தில் நின்ற அப்பாவும் குனிந்து பார்த்தார். காயிலையே காணவில்லை. அதன்மேல் சாமந்தி இதழ்களும் துளசியும் ஈரத்தில் குழைந்த திருநீறும் கம்பளிபோல் படிந்திருந்தன. காற்று புக ஓர் ஊசிமுனை இடமில்லை.

அப்பாவின் முகம் சுருங்கியது. வெள்ளிக்கிழமைதோறும் முன்கண்ணாடிக்குக் கீழே மாலை வைத்து, திருநீறு தூவி, ஊதுபத்தி கொளுத்துவது அவர்தான். சிலிம் ரிவரில் எஸ்டேட் லாரி ஓட்டிய அவருடைய அப்பாவும் அப்படித்தான் செய்தார். அந்த லாரியில் ஏர்கோன் இல்லை. இந்த வேனிலோ மாலைக்கு நேர் கீழே காற்றுத் துவாரங்கள் வரிசையாக இருந்தன.

"சாமிக்குத்தானே போட்டேன்," என்றார் மெதுவாக.

"சாமி நல்லா ஜில்லுன்னுதான் இருந்திருக்காரு. நமக்குத்தான் வரல லா," என்றார் தனேஸ்வரன்.

பிரஷ் போட்டுக் கழுவி, காயவைத்து, மறுபடி பூட்டினார்கள். ஸ்விட்சைத் திருப்பியதும் லோஷினியின் நெற்றி முடி பறந்தது. கைகளில் ரோமம் சிலிர்த்தது.

இனி மாலையை எங்கே போடுவது என்று அப்பா கவலைப்பட்டார். லோஷினி வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"வெளியில, முன்னால கட்டுங்கப்பா. ஊதுபத்தியும் அங்கேயே காட்டிட்டு ஏறுங்க. சாமிக்கு ரோடும் நல்லா தெரியும்."

அப்பா சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை மதியம், பள்ளி விட்ட நேரம். லோஷினியிடம் ஒரு திட்டம் இருந்தது. ஏர்கோனைப் போட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, அமலைத் தாண்டி மெதுவாகப் போக வேண்டும். அமல் பார்க்க வேண்டும். லோஷினி அவளைப் பார்க்கக் கூடாது. வாசலில் மெதுவாகப் போகும்படி சொன்னபோது அப்பா அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

பள்ளி வாசலில் அமல் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். சரளா அக்காவின் வேன் இன்னும் வரவில்லை. மண்டையைப் பிளக்கும் வெயில். புத்தகப்பையைத் தலைமேல் பிடித்திருந்தாள்.

வேன் ஊர்ந்தது. திட்டம் பிரமாதமாக நடந்துகொண்டிருந்தது.

அமல் நிமிர்ந்தாள். லோஷினியைக் கண்டதும் கையை ஆட்டினாள். பை நழுவிக் கீழே விழுந்தது. அப்போதும் ஆட்டினாள்.

"அப்பா, நிறுத்துங்க."

அப்பா உடனே நிறுத்தினார். மெஹர்பானுவிடமும் சரளா அக்காவிடமும் போனில் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.

அமல் ஏறவில்லை. முன்கண்ணாடியின் கீழே எட்டிப் பார்த்தாள்.

"பூ எங்க?"

"வெளியில கட்டியாச்சு. ஊதுபத்தியும் இனி வெளியிலதான்."

அடுத்த நொடி அமல் உள்ளே இருந்தாள், தன் பழைய இருக்கையில்.

லோஷினியால் அடக்க முடியவில்லை. "ஏர்கோன் இருந்தாத்தான் என் பக்கத்துல உக்காருவியா?"

"எனக்கு எதுக்கு லா ஏர்கோன்?"

"அப்புறம் ஏன் போன?"

அமல், அப்பா பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு லோஷினியின் காதருகே குனிந்தாள்.

"ஊதுபத்திப் புகையும் பூ வாசமும் பட்டா இப்பல்லாம் எனக்கு மூச்சு இழுக்குது. ஆனா அது உங்க சாமிக்குப் போட்டது. எடுக்கச் சொன்னா அங்கிள் மனசு கஷ்டப்படும்னு அம்மா யாருகிட்டயும் சொல்ல வேணாம்னுட்டாங்க."