குடை விரிக்காத சாட்சிகள்

அலறியது செல்போன்!

அம்மா வீட்டில் ஒரு வாரம் சீராடிவிட்டு அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தாள் காளான்காரி.

"இன்ஸ்பெக்டர் பேசறேம்மா. உங்க அண்ணனை அவரோட மர மில்லுல நேத்து ராத்திரி யாரோ மண்டையில அடிச்சுப் போட்டிருக்காங்க. மரத்தூள் குவியல்ல கிடந்தார். ஆஸ்பத்திரியில நினைவில்லாம இருக்கார். உங்க வீட்டுக்காரர் மேலதான் சந்தேகம்..."



அண்ணன் மில்லின் மரத்தூளில், அண்ணன் பெயரிலிருந்த நிலத்தில்தான் அவள் காளான் வளர்த்தாள். அந்த நிலத்தை விற்கச் சொல்லி அண்ணனை நச்சரித்தது அவளைக் கட்டிக்கொண்ட மகராசன்!

அவரா இருக்கக் கூடாது... அவரா இருக்கவே கூடாது!

ஓடினாள்.

காளான் கொட்டகை வாசலில் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் பச்சைப்பிள்ளை முகத்தோடு கணவன்.

"மச்சானை நான் அடிப்பேனா சார்? இவ போனதிலேருந்து கொட்டகையே கதின்னு கிடக்கேன். மணிக்கொரு தரம் ஜன்னலைத் திறந்து காத்தாட விட்டு, தண்ணி தெளிச்சு... வந்து பாருங்க!"

கதவைத் திறந்தான்.

மரத்தூள் அடைத்த பைகள் வரிசையாய்த் தொங்கின. ஒவ்வொன்றிலும் கொத்துக் கொத்தாய்க் காளான்.

"எவ்வளவு உசரம் பார்த்தீங்களா சார்? பெத்த பிள்ளையாட்டம் வளர்த்திருக்கேன்!"

"அடேயப்பா! பக்கத்துலயே ஆள் இல்லாம இப்படி வளருமா? உங்களைத் தப்பா நினைச்சுட்டேங்க..."

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டினார்.

அவள் மட்டும் நகரவில்லை. ஒல்லிக்குச்சித் தண்டு... உச்சியில் சட்டைப் பொத்தான் அளவுக்குத் தலை...

ஐயோ!

"என்னங்க... நிஜமா ஜன்னலைத் திறந்தீங்களா?"

"உன் மேல சத்தியம்டி!"

நுணலும் தன் வாயால் கெடும்.

"சார், போகாதீங்க! காளானும் நம்மளை மாதிரி மூச்சு விடுது. அது விட்ட மூச்சு வெளியே போகலைன்னா குடை விரிக்காது. காத்தைத் தேடித் தண்டுதான் நீளும். இந்த ஜன்னலை ரெண்டு மூணு நாளா யாரும் தொடவே இல்லை. இவர் இங்க இல்லை சார்!"

"ஏய்! நிலத்தை விக்கக் கையெழுத்துக் கேட்டு அவன் பின்னாடியே அலைஞ்சேன்டி! போட மாட்டேன்னான்... கட்டையால ஒரே ஒரு தட்டு..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"என் கூடப்பிறந்தவனைக் கொல்லப் பார்த்துட்டு... என் மேலயே சத்தியமா?"

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன அவளுக்கு.

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. கேட்டவர் சிரித்தார். "உங்க அண்ணன் கண்ணு முழிச்சுட்டாரும்மா!"

அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது.

கணவன் கையில் விலங்கு ஏறியது.

"சாட்சிகளைப் பத்திரமா வைங்கம்மா. கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கேஸைச் சீக்கிரமா முடிங்க சார்... ஃப்ரிட்ஜுல வச்சாலும் ஒரு வாரத்துக்கு மேல தாங்காது, அழுகிடும்!"