கடைசி அத்தியாயம் சாவிக் கடையில்

நண்டு இங்கிலீஷில் எழுதிய துப்பறியும் கதையின் நான்காவது அத்தியாயம் மாடிப்படி அறிவிப்புப் பலகைக்கு வந்த அன்று, கட்டடமே அதன் முன்னால் நின்றது.

"சந்தேகமே வேணாம். அந்தச் சாவிக்காரன்தான் கோப்பையைத் திருடினது," என்றார் கீழ்வீட்டு டெய்லர் அக்கா. அவர் கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"திருடன் இருக்கட்டும். இந்த இங்கிலீஷைப் பாருங்க," என்றார் முதல் மாடி ஆடிட்டர். "துப்பறியற பொண்ணு 'டிஸ்கஸ் அபௌட்'னு சொல்றா. அபௌட் வரவே கூடாது. டிஸ்கஸ்னாலே போதும்."

"பாவம் சார், அவளே திருடனைத் துரத்திட்டு இருக்கா. ஒரு அபௌட் கூட வந்தா குடியா முழுகிப் போயிடும்?"

நண்டு ஐந்தாம் வகுப்பு. ஓர் இடத்தில் நிற்காமல் இங்கும் அங்கும் ஓடுவதால் அண்ணன் வைத்த பெயர் அது. துப்பறியும் கதை என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அதனால்தான் சொந்தமாகவே ஒன்று எழுத ஆரம்பித்துவிட்டாள்.

கதை இதுதான். ஒரு பள்ளிக்கூடத்தில், பூட்டிய அலமாரிக்குள் இருந்த வெள்ளிக் கோப்பை காணாமல் போகிறது. பூட்டு உடையவில்லை. பூட்டு பூட்டியபடியே இருக்கிறது. சந்தேகம் ஒரு சாவிக்காரர் மேல் விழுகிறது. மூக்குக் கண்ணாடிக் காம்பைச் சிவப்பு நூலால் கட்டியிருப்பவர் அவர். தினமும் சாயங்காலம் உருண்டையான ஒரு பையோடு பள்ளிக்கூடத்துப் பக்கம் போகிறவர்.

அந்தச் சிவப்பு நூலும் உருண்டைப் பையும் நண்டுவின் கற்பனை இல்லை. தெருமுனைச் சாவிக் கடை மாமாவுடையவை. தினமும் கண்ணில் பட்டதை அப்படியே எழுதிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, அம்மா வீட்டுச் சாவியை அவளிடம் நீட்டினாள்.

"அண்ணனுக்கு இதே மாதிரி ஒண்ணு போடணும். மார்க்கெட் பக்கம் ஒரு கடை இருக்கு, அங்க போயிட்டு வா."

"அவ்ளோ தூரம் எதுக்கும்மா? தெருமுனையிலயே சாவி மாமா இருக்காரே."

அம்மா கொஞ்சம் இழுத்தாள். "என்னமோடி, உன் கதையைப் படிச்சதுலேருந்து அவர் கையில சாவியைக் குடுக்க ஒரு மாதிரியா இருக்கு."

"அம்மா! அது கதைம்மா!"

"கதைதான். ஆனா அந்தப் பையில என்னதான் வச்சிருக்காரு?"

நண்டுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாவியை மேசையில் வைத்துவிட்டு ஒரே ஓட்டமாகத் தெருமுனைக்கு ஓடினாள்.

கடையில் ஈ காக்கை இல்லை. சாவி மாமா துடைத்த அரத்தையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, எழுத்தாளரம்மா! தெரு முழுக்க உன் கதை பேச்சுதான். நல்லா இருக்கு. எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சுன்னா பாத்துக்கோயேன்."

அவர் சிரித்தார். நண்டுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மாமா, யாராவது சாவி போட வந்தாங்களா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "ரெண்டு நாளா வரல பாப்பா. சட்டை தைக்கக் குடுக்கிற மாதிரியா இது? ஆளை நம்பித்தானே வீட்டுச் சாவியைக் குடுப்பாங்க. அந்த நம்பிக்கை போச்சுன்னா, நான் கடையைச் சாத்த வேண்டியதுதான்."

நண்டுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மன்னிச்சிடுங்க மாமா. நான் சரி பண்றேன்."

"எப்படி?"

"தெரியல. ஆனா பண்ணியே தீருவேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்தப் பையில என்ன மாமா இருக்கு?"

"அப்பாடா! நீயாவது கேட்டியே." அவர் மேசைக்கு அடியிலிருந்து பையை எடுத்துத் திறந்தார். உள்ளே ஒரு கால்பந்து. "சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்துல ஆடுவோம். நான் கோல்கீப்பர்."

நண்டு அவருடைய தொப்பையைப் பார்த்தாள். "நிஜமாவா மாமா?"

"பாதி கோலை இதுவே மறைச்சிடும்," என்று அவர் தொப்பையைத் தட்டிக்காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நாலு அத்தியாயத்தையும் கிழிச்சுப் போட்டுடு," என்றான் அண்ணன்.

"கிழிச்சா, எதையோ மறைக்கிறோம்னு இன்னும் சந்தேகப்படுவாங்க."

"அப்போ கடைசியில புதுசா ஒரு திருடனைக் கொண்டு வா."

"அது அழுகுணி ஆட்டம்ணா. படிக்கிறவங்க கண்டுபிடிக்க வாய்ப்பே இருக்காது. யாரும் நம்ப மாட்டாங்க."

அண்ணன் திடீரென்று துள்ளினான். "மூணாவது அத்தியாயத்துல 'ஐ டவுட் ஹி டிட் இட்'னு எழுதினியே, என்ன நெனச்சு எழுதினே?"

"அவர்தான் செஞ்சிருப்பார்னு சந்தேகம்னு."

"அதான் இல்ல! இங்கிலீஷ்ல அதுக்கு நேர்மாறா அர்த்தம். அவர் செஞ்சிருக்க மாட்டார்னு வரும். அதையே சொல்லித் தப்பிச்சுக்கோ!"

"என்ன பாஷைண்ணா இது!" நண்டு தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு உறுதியாகத் தலையாட்டினாள். "வேணாம். நான் பண்ணினது இங்கிலீஷ் தப்பு இல்ல. ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எழுதினது. அதை இதுக்குப் பின்னால ஒளிச்சு வைக்க மாட்டேன்."

நான்கு அத்தியாயங்களையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தாள். எழுதியதை மாற்ற முடியாது. எழுதியதற்குள்ளேயே வழி இருக்க வேண்டும்.

அப்போது அம்மா பீரோவைப் பூட்டினாள். கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். இரண்டடி போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்தாள்.

"அதான் பூட்டியாச்சேம்மா?"

"பழக்கம்டி. கை தானா போகுது."

நண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். திருடன் திருடியதும் ஓடுவான். மெனக்கெட்டு மறுபடியும் பூட்டிவிட்டா போவான்? பூட்டியே பழகினவர்தான் பூட்டுவார்! முதல் அத்தியாயத்தில், சும்மா சிரிப்புக்காக, தலைமை ஆசிரியர் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பதாக எழுதியிருந்தாள். தலையில் கண்ணாடியை வைத்துக்கொண்டே ஊரெல்லாம் கண்ணாடி தேடுவதாகவும் எழுதியிருந்தாள்.

"அண்ணா! திருட்டே நடக்கல!" என்று கத்தினாள். அன்று அவளைச் சாப்பிட வைப்பதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுநாள் பலகையில் ஒரு சின்னத் தாள் மட்டும் இருந்தது. 'கடைசி அத்தியாயம் இங்கே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, தெருமுனைச் சாவிக் கடைக் கதவில்.'

"அங்க எதுக்கு?" என்று ஆடிட்டர் முணுமுணுத்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்து நின்றவர் அவர்தான். பின்னால் டெய்லர் அக்கா, அம்மா, அண்ணன் என்று கட்டடம் மொத்தமும் வந்தது. ஆடிட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார்.

பளபளவென்று தேய்த்து வைக்கலாம் என்று கோப்பையை வீட்டுக்கு எடுத்துப் போனவர் தலைமை ஆசிரியர். வழக்கம்போல் பூட்டி, வழக்கம்போல் மறந்துவிட்டார். சாவிக்காரர் பையில் இருந்தது கால்பந்து.

"பூட்டை இழுத்தது முதல் அத்தியாயத்துலயே இருந்ததே!" ஆடிட்டர் தொடையைத் தட்டினார். "கோட்டை விட்டுட்டோமே! ஆனா ஒண்ணு, இங்க 'ரிட்டர்ன் பேக்'னு போட்டிருக்கே, அந்த பேக் வரவே கூ..."

"சார்!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

டெய்லர் அக்கா கடைக்குள் எட்டிப் பார்த்தார். "அப்போ உங்க பையிலயும் பந்துதானாண்ணே?"

சாவி மாமா பந்தை எடுத்து ஒரு விரலில் சுழற்றிக் காட்டினார்.

"நான் ரெண்டு மூணு நாளா இந்தப் பக்கம் வராம சுத்திப் போனேன். மனசுல வச்சுக்காதீங்கண்ணே," என்றார் அக்கா. அவர் முகம் சிவந்துவிட்டது.

"அட, விடும்மா. கதை அவ்ளோ நல்லா இருந்துச்சு," என்றார் சாவி மாமா.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். வீட்டுச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுக்கு ஒண்ணு போட்டு வைங்கண்ணே. நான் மார்க்கெட் போயிட்டு வந்து வாங்கிக்கிறேன்."

பீரோவைப் பூட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கும் அம்மா, தெருவின் கடைசி வரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போவதை நண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.