ஆள் வருது

காலை எட்டரை மணி நீர்ப்பேருந்து முத்துப்பேட்டைத் துறையில் வந்து ஒட்டுவதற்கு முன்பே, அதன் சன்னல்கள் வழியாகத் துண்டுகள் பறந்துபோய் உள்ளே விழுந்துவிடும். துறை என்பது பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் மூன்றாவது மாடி. கீழே இருக்கிற இரண்டு மாடிகளிலும் கெளிற்று மீன்கள் குடியிருந்தன. கடல் மன்னார்குடி வரைக்கும் வந்து எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டபடியால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சன்னலோர இருக்கை கிடைக்குமா கிடைக்காதா என்பதுதான் அன்றாடக் கவலை.

பேருந்துக்கு ஓட்டுநரும் இல்லை, நடத்துநரும் இல்லை. பிறந்த மூன்றாம் மாதமே ஒவ்வொருவருக்கும் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஓர் உயிர்ப்பொட்டு வைத்துவிடுகிறார்கள். ஆள் எங்கே இருக்கிறார், இதயம் எப்படித் துடிக்கிறது என்பதை மீட்பு நிலையத்துக்கு அது சொல்லிக்கொண்டே இருக்கும். ஏறியவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை என்று பேருந்து எண்ணுவதும் அதைக் கொண்டுதான்.

அருமையான ஏற்பாடு. ஒரே ஒரு குறை, ஆள் இருக்கிற இடத்தை அது வீட்டுக்கும் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் சிலர் பொட்டு வேலை செய்யாதபடி மிட்டாய் சுற்றிய வெள்ளித்தாளைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கிளம்புவார்கள். கூடாது என்று சட்டம் இருந்தது. சட்டம் சொன்னால் ஆயிற்றா?

முத்துப்பேட்டை மீட்பு நிலையத்தின் தலைவி செங்கமலத்துக்கு வயது நாற்பத்தாறு. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு அலையாத்திக் காட்டருகே ஒரு படகு கவிழ்ந்தபோது, இவளுடைய மீட்புப் படகு போய்ச் சேர இருபது நிமிடம் ஆனது. பதினொரு பேர். அந்தப் பதினொரு பெயரும் அவளுக்கு இன்றைக்கும் மனப்பாடம். அன்று தொடங்கி, விடாக்கண்டியாக மேலிடத்துக்கு எழுதி எழுதி, கடைசியில் கரைசேர்ப்பான் என்கிற மீட்பு இயந்திரத்தை வரவழைத்தாள்.

அது வந்து இறங்கிய நாளில் ஊரே வேடிக்கை பார்க்கத் திரண்டது. பார்வைக்குப் பெரிய பரிசல் மாதிரி இருக்கும். விரித்தால் நாற்பது இருக்கைகள். சுற்றிலும் எட்டு நீர்க்கைகள், குழந்தையின் விரல் நோகாமல் தூக்குகிற அளவுக்கு மிருதுவானவை. வயிற்றுக்குள் முங்கி என்று நான்கு குட்டி இயந்திரங்கள், எவ்வளவு கலங்கலிலும் அடிவரை போய்த் துழாவும். கூப்பிட்ட தொண்ணூறாவது நொடியில் காயலின் எந்த மூலைக்கும் போய்விடும். முதல் ஓட்டத்தைப் பார்த்தபோது செங்கமலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இது மட்டும் அன்றைக்கே இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டாள்.

கரைசேர்ப்பானுக்கு விதி எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. மனிதர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து அதுவே கற்றுக்கொள்ளும். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

ஒத்திகைக்கு ஊர்க்காரர்கள் நாற்பது பேர் தண்ணீரில் இறங்கி மூழ்குவதுபோல நடிக்க வேண்டும், முடிந்ததும் பிரியாணி என்று ஏற்பாடு. நன்றாகத்தான் நடித்தார்கள். கத்தினார்கள், தண்ணீரைக் குடித்தார்கள், கையை உயர்த்தினார்கள். ஆனால் கரைசேர்ப்பான் பக்கத்தில் வந்ததுதான் தாமதம், மூழ்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் தலைத் துண்டை அவிழ்த்து, குறிபார்த்து இருக்கைகள்மேல் எறிந்தார்கள். முதலில் ஏறியவர்கள் பக்கத்து இருக்கையிலும் ஒரு கைக்குட்டையைப் போட்டுவைத்தார்கள். கருவாடு விற்கிற சுல்தான் பீவி மூன்று இருக்கைகளை மறித்து உட்கார்ந்துகொண்டு, யார் வந்தாலும் “ஆள் வருது! ஆள் வருது!” என்று விரட்டினாள்.

ஆறு ஒத்திகைகள் ஆயின. கரைசேர்ப்பான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஏழாவது ஒத்திகையில், எல்லோரும் ஏறிய பிறகும் கிளம்ப மறுத்து நின்றது. மூலை இருக்கையில் யாரோ மறந்துவிட்ட ஒரு பழந்துண்டு கிடந்தது. அதை எடுக்கப் போன பொறியாளர் ஹாஜா மைதீனின் கையை ஒரு நீர்க்கை மெதுவாகத் தள்ளிவிட்டது.

“ஆள் வருது!” என்றது கரைசேர்ப்பான், அச்சு அசலாகச் சுல்தான் பீவியின் குரலில்.

ஹாஜா மைதீன் தலையில் கையை வைத்துக்கொண்டான். “அக்கா, இது துண்டை ஆளுன்னு நெனைச்சுக்கிட்டிருக்கு. துண்டு கெடந்தா அதுக்குரிய ஆள் இன்னும் தண்ணிக்குள்ள இருக்காருன்னு முடிவு பண்ணிடுச்சு!”

விஷயம் திருச்சித் தலைமையகம் வரை போயிற்று. இணை இயக்குநர் குணபாலன் திரையில் தோன்றினார். இதுவரை காயலில் கால் நனைக்காத மனிதர், ஆனால் நீர்ப் பாதுகாப்பு பற்றி நாலு மணி நேரம் பேசுவார்.

“துணி வேற, உயிர் வேற. அத்தனை பொட்டும் பச்சை காட்டிச்சுன்னா வண்டி கிளம்பணும். அவ்வளவுதான் விதி. இந்தத் துண்டுப் பைத்தியத்தைத் திங்கக்கிழமைக்குள்ள அழிச்சிடுங்க,” என்றார்.

“சனிக்கிழமை உக்காந்து அழிச்சிடறேங்க்கா,” என்றான் ஹாஜா மைதீன். செங்கமலமும் சரி என்றாள். அவளுக்குமே அது வெட்கக்கேடாகத்தான் பட்டது. இவ்வளவு அருமையான இயந்திரத்துக்கு நம் ஊர்ப் பழக்கத்தைப் போய் ஒட்டிவிட்டோமே என்று நொந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, அதிராம்பட்டினம் போகிற நீர்ப்பேருந்து, மூழ்கிக் கிடந்த பழைய கைப்பேசிக் கோபுரம் ஒன்றின் முனையில் ஏறிவிட்டது. அடிவயிறு கிழிந்து, இரண்டே நிமிடத்தில் கவிழ்ந்தது. நிலையத்தின் திரையில் முப்பத்தாறு சிவப்புப் புள்ளிகள் ஒரே சமயத்தில் துடித்தன.

செங்கமலம் வாயைத் திறப்பதற்குள் கரைசேர்ப்பான் துறையை விட்டுப் பாய்ந்திருந்தது. எண்பத்து நான்காவது நொடியில் அங்கே நின்றது. பிறகு அது செய்த வேலையைப் பார்த்தவர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். சிவப்புப் புள்ளி எங்கே மங்குகிறதோ அங்கே முதலில் ஒரு கை போயிற்று. பிள்ளைகளைத் தூக்கியது. புடவை சுற்றிக்கொண்ட பெண்ணைச் சிக்கெடுத்து ஏற்றியது. ஐந்தாவது நிமிடத்தில் முப்பத்தாறு புள்ளிகளும் இருக்கைகளுக்கு வந்து பச்சையாக மாறின. நிலையத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

கரைசேர்ப்பான் மட்டும் அசையவில்லை.

“ஏன் நிக்குது?” என்றாள் செங்கமலம்.

ஹாஜா மைதீன் படத்தைப் பெரிதாக்கினான். ஓரத்தில் காலியாக இருந்த இருக்கையில் பச்சைக் கட்டம் போட்ட ஈரத் துண்டு ஒன்று கிடந்தது. ஒருவர் அதைத் தூக்கி எறியப் போனார். “ஆள் வருது!” என்று அதட்டியது கரைசேர்ப்பான். அவ்வளவு கலவரத்திலும் யாரோ சிரித்துவிட்டார்கள். ஆனால் சிரிப்பதற்கு நேரம் இல்லை. காப்பாற்றப்பட்டவர்களில் ஒரு முதியவருக்கு நெஞ்சுவலி கண்டிருந்தது. அவருடைய பச்சைப் புள்ளி மெல்ல மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

குணபாலன் திரைக்கு வந்துவிட்டார். “முப்பத்தாறு பொட்டு, முப்பத்தாறு பேர். கணக்கு முடிஞ்சுது. கைக்கட்டுப்பாட்டு விசையை அமுக்கி வண்டியைத் திருப்புங்க மேடம்! ஒரு துணிக்காக ஒரு உயிரை விடப் போறீங்களா?”

விசை செங்கமலத்தின் விரலுக்கடியில் இருந்தது. அதை அமுக்கினால் கரைசேர்ப்பான் தன் புத்தியை ஒதுக்கிவைத்துவிட்டு அவள் சொன்னபடி கேட்கும். அவள் ஒலிபெருக்கியை எடுத்தாள்.

“நிலையத்திலேருந்து பேசறேன். அந்தப் பச்சைத் துண்டு யாரோடது?”

பேருந்தில் ஏறிய ஒவ்வொருவரும் வாழ்நாளில் நூறு தடவை கேட்ட கேள்விதான் அது. முப்பத்தாறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எங்க யாரோடதும் இல்லீங்க,” என்றாள் ஒரு பெண். “நான் ஏறும்போதே கெடந்துச்சு.”

துண்டு தானாக நடந்து வந்து உட்காராது. இந்த ஊரில் போட்ட துண்டை விட்டுவிட்டுப் போகிறவனும் கிடையாது. திரை யாரும் இல்லை என்று சொன்னது. துண்டு ஒருவன் இருக்கிறான் என்று சொன்னது.

“பெரியவருக்கு எவ்வளவு நேரம் தாங்கும் தம்பி?”

“ஏழு நிமிஷங்க்கா. இவ்வளவு பாரத்தோட கரைக்குப் போக நாலு.”

“ரெண்டு நிமிஷம் விடு,” என்று விசையிலிருந்து விரலை எடுத்தாள். குணபாலன் எதையோ கத்தினார். அது அவள் காதில் ஏறவில்லை.

நான்கு முங்கிகளும் நீரோட்டம் போகிற திசையில் இறங்கின. ஒரு நிமிடம் நாற்பது நொடி ஆனது. அலையாத்தி வேர்களுக்கு நடுவே சிக்கிக் கிடந்த ஓர் உடம்பை மூன்றாவது முங்கி இழுத்து வந்தது. நீர்க்கைகள் அவரை வாங்கி, வேறெங்கும் வைக்காமல், அந்தத் துண்டு கிடந்த இருக்கையிலேயே சாய்த்து நெஞ்சை அழுத்தின. அழுத்திக்கொண்டே கரைசேர்ப்பான் கரையை நோக்கிப் பறந்தது.

அவர் பெயர் சோமாஸ்கந்தன், வயது ஐம்பத்தெட்டு. சர்க்கரை வியாதிக்காரர். அதிராம்பட்டினத்துக்கு அல்வா சாப்பிடப் போவது மனைவிக்குத் தெரியக் கூடாது என்று காதுக்குப் பின்னால் வெள்ளித்தாளை ஒட்டிக்கொண்டு, துண்டால் முகத்தை மூடிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர். பொட்டு தெரியாததால் நீர்க்கை ஒன்றுகூட அவரைத் தேடி வரவில்லை. துண்டைப் போட்டாயிற்று, இனி நம் முறை வரும் என்று பொறுமையாகக் காத்திருந்திருக்கிறார். அதற்குள் நீரோட்டம் இழுத்துவிட்டது.

கரையில் கண் விழித்ததும் அவர் உட்கார்ந்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். “துண்டு கெடக்குதா?” என்று கேட்டார். அடுத்ததாக, “எம் பொஞ்சாதிக்குச் சொல்லிடாதீங்க,” என்றார். நெஞ்சுவலிக்காரரும் நேரத்தோடு மருத்துவமனைக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டார். செங்கமலம் கரைசேர்ப்பானின் ஈர முதுகில் நெற்றியை வைத்து, வாய்விட்டு அழுதாள்.

சனிக்கிழமை ஹாஜா மைதீன் எதையும் அழிக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் ‘துண்டுக் கணிப்பு முறை’ என்று அதற்குப் பெயரும் சூட்டி, தலைமையகத்தின் தொலைநோக்குத் திட்டம் என்று அறிக்கையும் விட்டுவிட்டார்கள். செங்கமலத்துக்குக் கேடயம் வழங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குத் துறையிலேயே மிதவைப் பந்தல் போட்டு விழா வைத்தார்கள்.

முதல் வரிசையில் பன்னிரண்டு நாற்காலிகள். பெரிய மனிதர்கள் உட்காருமிடம் என்பதற்கு அடையாளமாக ஒவ்வொன்றின்மேலும் வெள்ளைத் துண்டு போர்த்தியிருந்தது. செங்கமலம் ஓரத்து நாற்காலியில் உட்காரப் போனாள். “மேடம், அது இணை இயக்குநரோடது. கொஞ்சம் அப்படித் தள்ளி நின்னுக்குங்க,” என்றார்கள். தள்ளி நின்றாள்.

நாலரை ஆயிற்று, ஐந்து ஆயிற்று. பன்னிரண்டும் காலி. மாலை போட்டுப் பந்தலோரம் கட்டிவைத்திருந்த கரைசேர்ப்பான், நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு துண்டுகள், ஆள் ஒருவரும் இல்லை. திடீரென்று, “ஆள் வருது!” என்று கத்திவிட்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு, மாலையோடு காயலுக்குள் பாய்ந்தது. நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று நினைத்து மக்கள் கைதட்டினார்கள்.

பிரமுகர்கள் சற்றுத் தொலைவில் ஒரு படகு வீட்டில் இருந்தார்கள். கூட்டம் நன்றாகச் சேரட்டும் என்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்படியே சாய்ந்திருந்தவர்கள். கால் மணியில் கரைசேர்ப்பான் அவர்கள் பதினொரு பேரையும் தண்ணீர் வழியாக இழுத்துவந்து, சொட்டச் சொட்ட, ஆளுக்கொரு துண்டின்மேல் உட்காரவைத்தது. தூக்கம் தெளியாத ஒருவருக்கு நெஞ்சை நாலு அழுத்து அழுத்தவும் செய்தது. பெரிய மனிதர்களைக் கூட்டிவந்து உட்காரவைத்த முதல் அதிகாரி என்று ஊர் அதைப் புகழ்ந்தது. விழா அமர்க்களமாக நடந்தது. செங்கமலம் நின்றபடியே கேடயம் வாங்கினாள்.

பன்னிரண்டாவதான குணபாலனின் ஓரத்து நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது. கூட்டம் கலைந்த பிறகும் கரைசேர்ப்பான் ஓயவில்லை. நான்கு முங்கிகளையும் இறக்கி, ஒவ்வோர் அலையாத்தி வேராகத் துழாவியது. கரைக்கு வந்து துண்டைப் பார்க்கும், மறுபடி போகும்.

“துண்டை எடுத்துடுவோமாக்கா?” என்றான் ஹாஜா மைதீன்.

“எடுத்தா, ஆளு செத்துப்போயிட்டாருன்னு இது எழுதிக்கும். உசுரோட இருக்கிற மனுசனுக்கு அப்படிச் செய்யலாமா?” என்று சொல்லிவிட்டுச் செங்கமலம் திருச்சிக்குப் பேசினாள். குணபாலன் வீட்டில்தான் இருந்தார்.

“சார், ஒரு நடை வந்து உக்காந்துட்டுப் போங்க. இது உங்களைத் தேடறதை நிறுத்த மாட்டேங்குது.”

“என்ன பேத்தல்! நான் பத்திரமா இருக்கேன். என் பொட்டு பச்சையாத்தானே காட்டுது?”

“பச்சைதான் சார். எல்லாரும் ஏறியாச்சு, கிளம்புன்னு நானும் சொல்லிப் பார்த்துட்டேன். ஒரு ஆளைக்கூட விட்டுட்டு வர மாட்டேங்குது.”

அந்தி வெளிச்சத்தில் கரைசேர்ப்பான் இன்னொரு தடவை முங்கிகளை இறக்குவதைச் செங்கமலம் பார்த்துக்கொண்டிருந்தாள். தேடப்படுகிறவர் யார் என்று அதற்குத் தெரியாது. யாராக இருந்தாலும் அது தேடும்.

“சரி, வர்றேன்,” என்றார் குணபாலன் கடைசியில். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மன்னார்குடியில நீர்ப்பேருந்து நெரிசலாச்சேம்மா. எனக்கு எடம் கெடைக்குமா?” என்று கேட்டார்.

“துண்டைப் போட்டுட்டு ஏறுங்க சார்,” என்றாள் செங்கமலம்.