இரண்டிலும் இல்லாத படம்

"ரெண்டு டிஸ்க்லயும் இல்லையாம் சார். இனிமே கிடைக்காதுன்னு கைய விரிச்சுட்டாங்க."

நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு சொன்னாள் அந்தப் பெண். கணவரின் நுரையீரலில் ஒரு கட்டி. மதியம் அறுவை சிகிச்சை. மூன்று வருடங்களுக்கு முன் எடுத்த பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டு, கட்டி வளரவில்லை என்று தெரிந்தால் கத்தி வைக்கத் தேவையில்லை என்றிருந்தார் அறுவை மருத்துவர். அப்போது வாங்கிய சிடி வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. ஸ்கேன் சென்டரிலோ அந்த வருடத்துப் படங்களே இல்லை.

துப்பறிவாளர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டார். அவர் மைத்துனருக்குத்தான் பொறுக்கவில்லை.

"ரெண்டுலயும் இல்லைன்னா யாரோ ரெண்டு தடவை அழிச்சிருக்காங்க, அத்தான். தப்பா ரிப்போர்ட் குடுத்துட்டு மூடி மறைக்கிறாங்க."

"வண்டிய எடு மாப்ளே. கேஸை அங்க போய் முடிக்கலாம்."

அவளும் கூடவே எழுந்தாள். மைத்துனர் சொன்னது உண்மையென்றால் படம் போனது போனதுதான்.

சென்டரின் பின்னறையில், மேசைக்கடியில் இருந்தது அந்தப் பெட்டி. உள்ளே அருகருகே இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் பதிவது அப்படியே மற்றதிலும் பதியும், ஒன்று பழுதானாலும் மற்றது கைகொடுக்கும் என்றார் சென்டரின் உரிமையாளரான டாக்டரம்மா. டெக்னீஷியன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

துப்பறிவாளர் முட்டி போட்டு இரண்டையும் தொட்டுப் பார்த்தார். "நீங்களும் தொடுங்கம்மா."

இடதுபக்கம் சூடு. வலதுபக்கம் சில்லென்றிருந்தது. அதன் முகப்பில் ஒரு பிளாஸ்திரித் துண்டு. அவர் உரித்தார். அடியில் சிவப்பு விளக்கு.

"ஐயோ, இது ஜோடியிலேருந்து கழண்டு நிக்குது சார். இப்பவே திரும்பச் சேர்த்துடறேன்." டெக்னீஷியன் மவுஸுக்குக் கை நீட்டினான்.

"கைய எடுங்க."

குரல் உயரவில்லை. ஆனால் அவன் மணிக்கட்டு அவர் பிடியில் இருந்தது.

"பழைய படங்களை அழிச்சது நீங்கதானே?"

"இடம் பத்தல சார். ஒண்ணுல அழிச்சாலும் இன்னொண்ணுல இருக்குமேன்னு..."

"இருக்காது. நீங்க எழுதினா அதுவும் எழுதும், அழிச்சா அதுவும் அழிக்கும். ஒரு தடவை அழிச்சாலே போதும், மாப்ளே." டெக்னீஷியன் பக்கம் திரும்பினார். "எப்போ அழிச்சீங்க?"

"போன மாசம்."

"டாக்டரம்மா, இது ஊசி போட்ட இடத்துல ஒட்டுற பிளாஸ்திரி. இவர்னா கறுப்பு டேப் ஒட்டியிருப்பார். நீங்க எப்போ ஒட்டுனீங்க?"

டாக்டரம்மாவின் முகம் சிறுத்தது. "போன வருஷம். பீப் பீப்னு ஒரே கத்தல், படம் பார்க்கவே முடியல. சத்தத்தை நிறுத்திட்டு விளக்கையும் மூடிட்டேன்."

"போன வருஷமே தூங்கிட்ட டிஸ்க்குக்குப் போன மாசம் அழிச்சது எப்படித் தெரியும்? இப்போ சேர்த்திருந்தா அந்தப் பக்கத்து வெறுமை இதுலயும் வந்து உட்கார்ந்திருக்கும்."

"அது செத்தே போயிருந்தா?" என்றாள் அவள்.

"அது எனக்கும் தெரியலம்மா."

டிஸ்க்கைக் கழற்றி, அதில் எதுவும் எழுத முடியாதபடி வேறொரு கணினியில் பொருத்தினார்கள். அதிலிருந்து சத்தமே இல்லை. பிறகு உள்ளே ஏதோ முனகியது, சுழன்றது. திரையில் வரிசையாகப் பெயர்கள். அவற்றில் அவள் கணவரின் பெயர்.

படத்தை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, போனைக் காதிலேயே வைத்திருந்தாள். மறுமுனையில் அறுவை மருத்துவர் அளந்துகொண்டிருந்தார். ஒருமுறை அளந்தவர் மறுபடியும் அளந்தார்.

"அதே அளவுதாம்மா. இன்னிக்கு ஆபரேஷன் வேண்டாம்."

அவள் அடுத்த எண்ணை அழுத்தினாள். கணவர் எடுத்ததும் சொன்னாள்.

"நேத்துலேருந்து பட்டினி கிடக்கீங்களே. முதல்ல எழுந்து சாப்பிடுங்க."