துண்டு போட்ட வரி

மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் மதியம் அவர் குடித்த தண்ணீரில் ஆணி ருசி அடித்தது. ஒரு ஆணியா, ஒரு டப்பா ஆணியைப் பத்து நாள் ஊறப்போட்ட ருசி. அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்துச் செருகியிருக்கும் தாளை அச்சகத்தில் பக்கம் கட்டியவரே அவர்தான். பக்க விளைவுகள், முதல் வரி: வாயில் உலோகச் சுவை.

முப்பது வருஷமாக எறும்புக்கே கண்ணாடி தேவைப்படும் எழுத்தில் பிழைப்பு நடத்தியதால், அச்சகத்தில் அவருக்குப் பொடியெழுத்து என்று பட்டப்பெயர். வயிற்றில் துணிக்கொடி நீளத்துக்கு ஒரு நாடாப்புழு இருப்பது சோதனையில் தெரிந்தபோது டாக்டர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "வாடகை தராம உள்ள ஒருத்தன் குடியிருக்கான் சார். எட்டு மாத்திரை, தினம் ஒண்ணு, மதியம் சாப்பிட்டதும். காலி பண்ணிடலாம். நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்க."

நான்காம் நாள் காதில் ரீங்காரம், இரண்டாம் வரி. ஐந்தாம் நாள் பாதம் மரத்தது, மூன்றாம் வரி. ஆறாம் நாள் ஜன்னல் வெளிச்சம் சோப்பு நுரையாகக் கண்ணில் எரிந்தது, நான்காம் வரி. அவர் கோத்த வரிசையில், ஒன்றுகூடப் பிசகாமல். அப்போதுதான் ஐந்தாம் வரி நினைவுக்கு வந்தது.

தாளின் அடியில் ஒரு வரி இடம் காலியாக இருந்தால், மருந்துக் கம்பெனியிலிருந்து சரியான வாசகம் வரும்வரை எதையாவது அடித்து இடம் பிடித்து வைப்பார், பஸ் சீட்டில் துண்டு போடுவதுபோல. வந்ததும் எடுத்துவிடுவார். இந்தத் தாளில் மேஜை குலுங்கச் சிரித்துக்கொண்டே அடித்தது: "மிக அரிதாக, எட்டாம் நாள், உள்ளே இருப்பவர் வெளியே வருவார், வெளியே இருப்பவர் உள்ளே போவார்."

எடுத்தோமா?

பெட்டியிலிருந்த தாளைப் பிரித்து உருப்பெருக்கியை வைத்தார். துண்டு அங்கேயே கிடந்தது. அச்சக முதலாளிக்குப் போன் போட்டால், நாற்பதாயிரம் தாள் போயாயிற்று, அதை எவன் படிக்கிறான், பேசாமல் படுங்கள் என்றார். மனைவியிடம் படித்துக் காட்டினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உங்க வாய்க்கொழுப்ப நீங்களே அச்சடிச்சு, நீங்களே பயப்படுறீங்களே."

ஏழாம் நாள் மாத்திரையை விழுங்குவதுபோல் நடித்துச் சட்டைப்பையில் ஒளித்தார். மருந்து போகாவிட்டால் விளைவு எங்கிருந்து வரும்? அன்று உடம்புக்கு ஒன்றுமே இல்லை. தாளிலும் ஏழாம் நாளுக்கு ஒன்றுமே இல்லை. அதுதான் அவரை அரள வைத்தது.

எட்டாம் நாள் மதியம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். மின்விசிறி கிறீச்சிட்டது, குழாய் சொட்டியது, தட்டில் கரண்டி உரசுவது பல்லுக்குள் கூசியது. மரமரப்பு பாதத்திலிருந்து மெல்ல ஏறி முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்தது, யாரோ அவர் காலுக்குள் கால் விட்டு, கால்சட்டை மாட்டுவதுபோல் வெகு நிதானமாக. பிறகு கை. கரண்டி உயர்ந்தது. உயர்த்தியது அவர் இல்லை.

டாக்டரைக் கூப்பிடச் சொல்ல நினைத்தார்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றது வாய்.

ஒரு வாரமாகக் கொறித்துக்கொண்டிருந்த மனுஷர் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாரே என்று அவளுக்கு முகமெல்லாம் பல். அந்த முகம் சுருங்கியது. சட்டைப் பொத்தான் அளவு. முற்றுப்புள்ளி அளவு.

இருட்டு. வெதுவெதுப்பு. ஈரம்.

கை இல்லை. கால் இல்லை. நீளம் மட்டும் இருந்தது.

யாரோ வயிற்றைத் திருப்தியாகத் தட்டிக்கொண்டார்கள். தட்டியது நாலு பக்கமும் அதிர்ந்தது. சுவருக்கு அப்பாலிருந்து கேட்பதுபோல் மனைவியின் குரல்: "ஏங்க, நேத்து மாத்திரைய சட்டைப்பையில ஒளிச்சு வெச்சிருந்தீங்களே, துவைக்கிறப்ப பாத்தேன். இன்னைக்கு ரெண்டையும் சேர்த்துப் போட்டுக்குங்க."

கத்தினார். கத்த எதுவும் இல்லை.

மேலே, அவருடைய குரலிலேயே ஒருவன் சிரித்தான். "குடு குடு. உள்ள இருக்கிறவன் ரொம்பத்தான் நெளியிறான்."

தண்ணீர் விழுங்கும் சத்தம். ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு.

நாலு பக்கச் சுவரிலும் வழிந்து, ஆணி ருசி இறங்கி வரத் தொடங்கியது.