டிரைவர் சீட்டின் தோல்

டிரைவர் சீட்டுக்குப் புதுத் தோல் போட்டு மூன்று நாளாகியும் பச்சைத் தோல் வாடை போகவில்லை. ஜெபராணி முதலில் தன் மூக்கைத்தான் சந்தேகப்பட்டாள். ஆம்பூரில் பிறந்து, பதினைந்து வருஷம் ஷூ கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தவளுக்கு மூக்கு என்று ஒன்று மிச்சம் இருப்பதே பெரிசு. ஆனாலும் சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை, மீன் எண்ணெய் என்று கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்வாள். இது அவற்றில் எதுவுமில்லை. இது உயிரோடு இருக்கிற வாடை. பதனிட்ட தோல் மறுபடி பச்சையாகாது என்று கம்பெனியில் சொல்வார்கள். செத்தவர் திரும்பமாட்டார் என்பதற்கும் அதையேதான் சொல்வார்கள்.

கார், முதலாளி ஜியாவுல்லா சாயபுவுடையது. சீமையிலிருந்து கப்பலில் வந்த சிவப்பு ரேஸ் கார், தரையோடு தரையாகப் படுத்திருக்கும். சோழவரம் கார் பந்தயத்தில் அதை ஓட்டி மூன்று கோப்பை ஜெயித்த அவர் மகன் கலீமுல்லா, எண்பத்திரண்டு பிப்ரவரியில் நாலாவதுக்குப் போய் அந்த சீட்டிலேயே முடிந்துபோனான். வண்டிக்குப் பெரிய அடியில்லை. விற்பனைக்கு என்று பேப்பரில் போட்டாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு பெங்களூர்க்காரர் ஒருவர் வருகிறார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வேகம் காட்டப்போவது கம்பெனி டிரைவர் இன்பசேகரன், ஜெபராணியின் புருஷன்.

பழைய தோலை அவள் கிழித்தெடுத்தபோது சாயபு கூடவே நின்றார். அதில் தோள் படுகிற இடத்தில் பிறை மாதிரி ஒரு தழும்பு இருந்தது.

"கலீம் தோள்ல இருந்ததும்மா இது. சின்ன வயசுல கிணத்து மேட்ல உழுந்தான்."

கொளுத்திவிடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். புத்திர சோகம் மனுஷனை என்னவெல்லாம் பேசவைக்கிறது என்று அவளுக்குப் பாவமாக இருந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கடைசியாக ஒருமுறை துடைத்துவைக்க ஷெட்டுக்கு வந்தாள். தகரக் கூரை வெயிலில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது, தோல் அலசும் டிரம் எங்கோ தள்ளித் தொம் தொம்மென்று உருண்டது, கார் கதவைத் திறந்ததும் அந்த வாடை, மூடிய அறையில் தூங்கி எழுந்தவன் மேலிருந்து வருவது போல, வெதுவெதுப்பாக அவள் முகத்தில் வந்து படிந்தது. சீட்டு ஈரமாக இருந்தது. துடைத்தாள். மறுபடியும் நனைந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள், தோல்காரர்களின் கெட்ட பழக்கம். உப்பு.

பானைத் தண்ணீரில் துணியை நனைத்து வைத்து ஒற்றினாள். தோல் சிலிர்த்தது. புள்ளி புள்ளியாக.

அப்போதுதான் பார்த்தாள். இடப்பக்கம், கீழே, வழிந்து காய்ந்த மாதிரி ஒரு நீளத் தழும்பு. அதற்கு மேலே உளுந்து அளவு மச்சம். நேற்று இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகச் சனிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துவிடுகிற முதுகு அது. குழந்தையில் கஞ்சி கொட்டிய இடம். இன்றைக்குக் காலையில்கூட அந்தத் தழும்பின்மேல் அவள் கை போய் வந்தது.

ஏசப்பா என்றாள்.

இன்பசேகரன் வெள்ளைச் சட்டையில் உள்ளே வந்தான்.

"இன்னாங்க, இந்த வண்டிய நீங்க ஓட்ட வேணாம்."

"இன்னா ராணி, பேஜார் பண்றே? நாலு மணிக்கு பார்ட்டி வந்துடும்."

"சீட்டைப் பாருங்க!"

குனிந்து பார்த்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது எவ்வளவு நிஜம். அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"தோல்ல மார்க் இருக்குது. உனக்குத் தெரியாததா? அந்த எடத்தை மட்டும் வெட்டிட்டு ஒட்டுப் போடு. மூஞ்சி கழுவினு வர்றேன்."

ஷெட்டுக்குப் பின்னால் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

மார்க் உள்ள இடத்தை வெட்டி எறி, மிச்சத் தோல் பிழைத்துக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கற்றது. தழும்பு போய்விட்டால் இது அவர் தோல் இல்லை. வெறும் மாட்டுத் தோல். அவர் பிழைத்துக்கொள்வார். அவளுக்கு அழுகை வந்தது, கத்தியையும் எடுத்தாள்.

மேல் பக்கம் ஒரு கோடு. கத்தி வழுக்கிக்கொண்டு போனது. இவ்வளவு மிருதுவாகவா? இடப்பக்கம். வலப்பக்கம்.

குழாய்த் தண்ணீர் நிற்கவில்லை. வாளி மட்டும் உருண்டது.

"ராணி..."

வாசலில் நின்றான். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

"முதுகுல இன்னான்னு பாரேன். எரியுது."

திரும்பினான்.

வெள்ளைச் சட்டையில் மேலே ஒரு கோடு. இடப்பக்கம் ஒன்று. வலப்பக்கம் ஒன்று. மூன்றும் சிவந்து, அகன்று, கீழே இறங்கிக்கொண்டிருந்தன.

நாலாவது பக்கம் இன்னும் வெட்டவில்லை. அவள் கையில் தொங்கிய தோல் சூடாக இருந்தது. அது நடுங்கியது.

வெளியே கேட்டில் பெங்களூர்க்காரரின் ஹாரன் ஒலித்தது.