நல்ல நேரத்தில் திறந்த திரை

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.05.

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்து மேலாளரான பெரியதொரை மூன்றாவது முறையாக எண்ணி முடித்தார். நூற்றுப் பன்னிரண்டு பைகள் இருக்க வேண்டிய அறையில் நூற்று நான்குதான் இருந்தன. புத்தாண்டுக்குப் பிறகு அரைத்த முதல் தேயிலை. மறுநாள் கொழும்புக்குப் போகவிருந்தது. பூட்டு உடையவில்லை. அந்த அறைக்கு ஜன்னலும் இல்லை.

2.40க்குப் பொலிஸ் வந்தது. 3.15க்கு, தேயிலை அறையைப் பார்த்துக்கொள்ளும் அழகுமுத்துவை ஜீப்பில் ஏற்றியது. அதற்கு இரண்டு தாள்கள் போதுமாயிருந்தன.

புதன்கிழமை பகல் அந்தத் தாள்கள் தோட்டத்து ஆபீஸில் சிவதர்சினியின் முன் கிடந்தன. பக்கத்தில் மூடி கழற்றிய பேனா.

சிவதர்சினி யாழ்ப்பாணத்துக்காரி. கண்டியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. தோட்டத்துக் கணினிகளை எல்லாம் இணைக்கும் சேர்வரை ஊசிமலைக்கு அமைத்துக் கொடுத்தவள் அவள்தான். திங்கட்கிழமையும் வந்திருந்தாள். ஏறக்குறைய பத்து வருடமாக அரை மணி முந்தி ஓடிய நாட்டின் கடிகாரத்தை, புத்தாண்டு கழிந்த இரவில் அரசாங்கம் அரை மணி பின்னுக்கு இழுத்திருந்தது. சேர்வரிலும் அதை மாற்ற வேண்டும். ஒரே ஒரு வரி. காலை 7.40க்கு மாற்றினாள், சரிபார்த்தாள், பஸ்ஸைப் பிடித்தாள்.

"பதிவு சரின்னு ஒரு கையெழுத்து, மிஸ்," என்றார் தொரை. "நாளைக்குக் கோர்ட்டுல குடுக்கணும்."

அவள் தாள்களை எடுத்தாள். முதலாவது சாவிப் பதிவு. தேயிலை அறைச் சாவியை யார் எடுத்தாலும் தொழிற்சாலையில் இருக்கும் கணினியில் பெயரைப் பதிய வேண்டும். நேரத்தைச் சேர்வர் போட்டுக்கொள்ளும். தாளின் தலையில், 18.04.2006, ஆபீஸில் அன்றாட வழக்கப்படி அச்சிட்ட நேரம் 11.20. கீழே இரண்டு பெயர்கள். அழகுமுத்து, எடுத்தது 10.40, கொடுத்தது 11.05. தம்பிஐயா, எடுத்தது 11.10, கொடுத்தது 11.30. இரண்டாம் தாள் வாயிற்பதிவு, ஆபீஸ் கணினியில் பதிந்தது. விறகு லொறி, உள்ளே 10.15, வெளியே 10.55. அன்று வேறு வாகனம் வெளியே போகவில்லை.

"அழகுமுத்து உள்ள போய் எண்ணி, நூத்திப் பன்னெண்டுன்னு எழுதியிருக்கான்," என்றார் சார்ஜன்ட். "ரெண்டு மணிக்கு எட்டு இல்ல. எட்டுப் பை எதுல போச்சு? லொறியில. லொறி போன நேரம் சாவி யாரு கையில? அவன் கையில. முடிஞ்சுது."

"தம்பிஐயா?"

"டீமேக்கர். அவரு சாவியைத் தொடும்போது லொறி தோட்டத்துலயே இல்லியே."

"அழகுமுத்து என்ன சொல்லுறார்?"

"மெஷினுக்கு பெல்ட் வாங்க, பத்தேமுக்கால் பஸ்ல தலவாக்கலைக்குப் போனானாம்."

"கண்டக்டரைக் கேட்டீங்களா?"

"ஆமான்னுதான் சொல்றான். அவன் இவனுக்கு மச்சான்." சார்ஜன்ட் சிரித்தார். "பதினொண்ணேகாலுக்கும் ஒரு பஸ் இருக்கு. பழைய நேரமா, புது நேரமா? இந்த வாரம் பஸ்காரனுக்கே தெரியாது மிஸ். கம்பியூட்டருக்குத் தெரியும்."

"லொறிக்காரன்?"

"ஆளைக் காணோம்."

மேசையில் மூன்றாவதாக ஒரு கடிதமும் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அழகுமுத்துவின் குடும்பம் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவை, வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறையை, காலி செய்ய வேண்டும். இதற்கு யாருடைய சான்றும் தேவைப்படவில்லை. தொரை முன்னமே கையெழுத்து வைத்திருந்தார்.

சிவதர்சினி பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினாள்.

"பாக்காமல் வைக்கமாட்டன்."

"நீங்க செஞ்ச சிஸ்டம்தானே மிஸ்?"

"அதுதான் பாக்கவேணும் எண்டுறன்."

வாசலில் அழகுமுத்துவின் மனைவி மீனம்மா நின்றாள். கொழுந்துக் கூடை முதுகில். மலையிலிருந்து நேரே வந்திருந்தாள். கையில் மடித்த சட்டை ஒன்று. பொலிஸில் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"கம்பியூட்டர் மிஸ்ஸுங்களா?"

"ஓம்."

"எங்க மலைக்குக் கீழதாங்க ரோடு. தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு நின்னோம். இவரு பஸ்ல ஏறுனாரு, கைய காட்டுனாரு. நாப்பது பொம்பளைங்க பாத்தோம். சொன்னா, உங்கிட்ட மணிக்கூடு இருக்கான்னு கேக்குறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தேத்தண்ணி வாளி இருக்குன்னேன். அந்த வாளி என்னைக்கும் பத்தரைக்குத்தான் மலைக்கு வரும். சிரிச்சிட்டுப் போனாங்க."

2.50. தொழிற்சாலை.

சாவிகள் தொங்கும் பலகைக்கு முன்னால் ஒரு மேசை, ஒரு கணினி, பதிவு செய்யும் நிஷாந்தி. திரை இருட்டாக இருந்தது. திரையின் தலையில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து போயிருந்தன. சுவரில் ஆணியில் குத்திய தாள்கள். மேலே இருந்தது திங்கட்கிழமைப் பதிவு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஏதோ சிறிதாகக் குறித்திருந்தது.

"நேற்று அழகுமுத்து எத்தினை மணிக்குச் சாவி தந்தவர்?"

"நேரம் பாக்கலைங்க மிஸ். நான் பேரை மட்டுந்தான் அடிப்பேன். நேரம் இந்தத் திரையில தெரியாது."

"பிறகு யார் எடுத்தது?"

"டீமேக்கரய்யா. இவரு குடுத்து, தேத்தண்ணி ஊத்திக் குடிக்கிற நேரந்தான்."

"பொட்டு ஏன்?"

"வருசப் பொறப்புக்குங்க. நல்ல நேரம் பாத்து டீமேக்கரய்யாதான் பதிவுப் பக்கத்தைத் தொறந்து வச்சாங்க. முதல் தேயிலை தோட்டத்தை விட்டுப் போற வரைக்கும் மூடக்கூடாது. வழக்கமா புஸ்தகத்தைத்தான் அப்படி வைப்போம். இப்ப புஸ்தகம் இல்லியே."

பின்னால் செருப்புச் சத்தம். காதில் பென்சில் செருகிய தம்பிஐயா வந்தார். கொழுந்து தேயிலையாகி முடியும்வரை தொழிற்சாலைக்குப் பொறுப்பு டீமேக்கர்தான். முப்பது வருடமாக மலையில் இருந்தாலும் பேச்சு இன்னும் ஊர்ப் பேச்சு.

"நீர் எவ்விடம் பிள்ளை? உடுவிலோ?"

"ஓம்."

"எங்கட பிள்ளை. இதுக்குள்ள ஏன் உலையிறீர்? உதுகளுக்குக் களவு புதுசே? கையெழுத்தை வைச்சுப்போட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடியும்."

"நேற்று நீங்கள் ஏன் சாவி எடுத்தனீங்கள்?"

"சாம்பிள் எடுக்க."

"இருபது நிமிசமோ?"

"அவசரப்பட்டு எடுக்கிற சாமானே தேயிலை?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த சாவிப் பதிவைத் திருப்பிப் பார்த்தாள். மேலிருந்து கீழ். மறுபடி கீழிருந்து மேல். தாளின் தலையில் விரல் நின்றது.

கோபம் வந்தது. முதலில் அவர் மீது. பிறகு தன் மீது.

"நிஷாந்தி, இந்தத் திரையை மூடினீங்களோ?"

"மூடியாச்சு," என்றார் தம்பிஐயா. "நேற்றுப் பின்னேரம் நான்தான் மூடச் சொன்னனான். வேணுமெண்டால் திறந்து பாரும்."

நிஷாந்தி தலை குனிந்தாள்.

"நீங்க போய் பெரியதொரையையும் சார்ஜன்டையும் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றாள் சிவதர்சினி அவளிடம். "அந்த அம்மாவையும்."

3.10. தொரை, சார்ஜன்ட், தம்பிஐயா, நிஷாந்தி நான்கு பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். மீனம்மா கதவு நிலையில் நின்றாள். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. சிவதர்சினி கூப்பிட்டாள்.

"தாளை எல்லாரும் பாத்தீங்க. வரியளைப் பாத்தீங்க. தலையைப் பாத்தீங்களா? அச்சிட்ட நேரம் பதினொண்டு இருபது."

"அதுக்கென்ன?" என்றார் தொரை.

"கடைசி வரி பதினொண்டு முப்பது. தம்பிஐயா சாவி குடுத்தது. பதினொண்டு இருபதுக்கு அடிச்ச தாளில பதினொண்டரைக்கு நடந்தது எப்படி வந்தது?"

சார்ஜன்ட் தாளை வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்துக்குப் பிடித்தும் பார்த்தார்.

"நிஷாந்தி, நேற்று உங்களை மூடச் சொன்னவரோ?"

"சொன்னாங்க." குரல் எழும்பவில்லை. "திங்கக்கிழமை சாயங்காலம் மூடவான்னு கேட்டதுக்கு ஏசுனாங்க, நல்ல நேரத்துல தொறந்ததை மூடுவாளா ஒருத்தின்னு. மறுநாளே மூடுன்னாங்க. முதல் தேயிலைதான் இன்னும் போகலியே மிஸ். எனக்கு மனசு வரலை. திரைக் கண்ணாடியை மட்டும் அணைச்சேன்."

சிவதர்சினி திரையின் பொத்தானை அழுத்தினாள். வெளிச்சம் வந்தது. ஏப்ரல் பதினான்காம் தேதி காலையில் திறந்த பதிவுப் பக்கம், திறந்தபடியே இருந்தது.

தம்பிஐயாவின் கை காதிலிருந்த பென்சிலைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது.

"சார்ஜன்ட், உங்கட மணிக்கூட்டில?"

"மூணு பதினாலு."

அவள் தன் பெயரைப் பதிந்தாள். சேர்வர் அதற்கு என்ன நேரம் போட்டதென்று எடுத்துக் காட்டினாள். 3.44.

பிறகு அதே கணினியில் இன்னொரு பக்கத்தைத் திறந்து புதிதாக உள்ளே போனாள். மறுபடி பெயர். 3.15.

"ஒரே மெஷின். ஒரே சேர்வர். திங்கட்கிழமை நான் நேரத்தை மாத்தினது இனி உள்ள வாறவைக்கு மட்டுந்தான். முன்னமே உள்ள இருக்கிறவர், வரேக்க வாங்கின நேரத்தோடயே இருப்பார், வெளியில போய் வருமட்டும்." அவள் மீனம்மாவின் பக்கம் திரும்பினாள். "காலையில வேலை பிரிக்கிற பெரட்டில உங்களுக்கு ஒரு மலையைச் சொல்லி அனுப்புறாங்க. நீங்க போன பிறகு பலகையில வேற மலையை எழுதினால், உங்களுக்குத் தெரியுமோ?"

"யாராச்சும் ஏறி வந்து சொன்னாத்தான் தெரியும்," என்றாள் மீனம்மா.

"ஒருத்தரும் ஏறி வந்து சொல்லேல்லை. நான் சொல்லியிருக்கவேணும். புதுசா உள்ள போய்ப் பாத்தன், சரியா இருந்தது, பஸ்ஸுக்கு ஓடிட்டன். உள்ள இன்னும் யார் இருக்கினம் எண்டு பாக்கேல்லை. அது என்ர பிழை. அதை எழுதித் தருவன்."

அவள் தாளைப் பிரித்து வைத்தாள்.

"ஆபீஸ் கணினியை ஒவ்வொரு நாளும் காலையில புதுசாத் திறப்பினம். அதனால லொறி போன 10.55 சரியான நேரம். தாள் அடிச்ச 11.20உம் சரி. சாவி நேரம் எல்லாம் அரை மணி கூட. கழியுங்கோ. அழகுமுத்து எடுத்தது 10.10, தந்தது 10.35. பத்து நிமிசத்தில கீழ ரோட்டில, 10.45 பஸ்ஸில. அவர் சொன்னது. கண்டக்டர் சொன்னது. நாப்பது பேர் சொன்னது. தம்பிஐயா எடுத்தது 10.40, தந்தது 11.00. லொறி வெளியில போகேக்க சாவி இவர்ட்ட."

"அரை மணிக் கணக்கு எனக்கெப்படித் தெரியும்?" தம்பிஐயாவின் குரல் உயர்ந்தது. "நான் கம்பியூட்டர் படிச்சவனே?"

சிவதர்சினி ஆணியிலிருந்து திங்கட்கிழமைத் தாளை உருவினாள். 8.10க்குப் பக்கத்தில் பென்சிலில் 7.40. 9.35க்குப் பக்கத்தில் 9.05. ஒன்பது வரிகள், ஒன்பதிலும் அரை மணி குறைத்து.

"ஆற்ற எழுத்து இது?"

நிஷாந்திதான் பதில் சொன்னாள். "டீமேக்கரய்யாவோடது."

"திங்கட்கிழமையே உங்களுக்குத் தெரியும். பிழையெண்டு ஆருக்கும் சொல்லேல்லை. மூட வேண்டாமெண்டு ஏசினீங்கள். அடுத்த நாள் விறகு லொறி வந்தது. அழகுமுத்து ரோட்டுக்கு இறங்குமட்டும் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். பைகளை ஏத்தி, மேல படங்கை இழுத்துக் கட்ட இருபது நிமிசம் என்னத்துக்கு?"

தம்பிஐயா தொரையைப் பார்த்தார். "சேர், முப்பது வருச சேர்விஸ். இந்த லயத்துச் சனத்தின்ர கதையைக் கேட்டு..."

"லயத்துச் சனத்தின்ர கதையை ஒருத்தரும் கேக்கேல்லை," என்றாள் சிவதர்சினி. "அதுதானே உங்களுக்கு வசதியாப் போச்சு."

சார்ஜன்ட் தொப்பியை எடுத்து மாட்டினார். 3.40க்கு ஜீப் தம்பிஐயாவோடு இறங்கியது. அவரை முன் இருக்கையில் உட்கார வைத்தார்கள்.

5.25. அழகுமுத்து திரும்பி வந்தார், ஜீப்பின் பின்புறம். இடது கண் மூடிக் கிடந்தது. இறங்கும்போது இரண்டு உள்ளங்கைகளையும் எதன்மேலும் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். மீனம்மா மடித்து வைத்திருந்த சட்டையை விரித்து, கைகளை மெதுவாக நுழைத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

தொரை ஆபீஸ் படியில் நின்றார். வெள்ளிக்கிழமைக் கடிதத்தை நான்காகக் கிழித்துக் கையிலேயே வைத்திருந்தார். "ஒரு தப்பு நடந்து போச்சு, மீனம்மா," என்றார். "கம்பியூட்டர்ல ஒரு சின்னக் கோளாறு. இப்ப மிஸ் சரி பண்ணிட்டாங்க."

சிவதர்சினி பக்கத்தில்தான் நின்றாள். அந்த விளக்கம் தனக்கு எவ்வளவு வசதியானது என்பது அவளுக்குப் புரிந்தது. அதுவே எரிந்தது.

மீனம்மா கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். தொரையைப் பார்த்தாள். சிவதர்சினியையும் பார்த்தாள்.

"நாங்க நாப்பது பேரு நேத்தே சொன்னோங்க. இன்னைக்கு அந்தப் பொட்டி சொல்லாம இருந்திருந்தா, இவரு கைய என்னங்க செஞ்சிருப்பீங்க?"